நாய்க்கு ஒரு துண்டு ஸ்வீட்: அதோட உண்மையான விலை என்ன?



முதல் சம்பளத்துல ஃபோன், அடுத்த வருஷம் பைக், அதுக்கப்புறம் ஒரு நாய்க்குட்டி. நம்மில் நிறைய பேரோட வரிசை இதுதான். குட்டி வாங்குற விலை, தடுப்பூசி, மாசா மாசம் சாப்பாடு, இதெல்லாம் பட்ஜெட்ல எழுதிடுறோம். ஆனா ராத்திரி 11 மணிக்கு டீப்பாய் மேல இருந்த சாக்லேட் டப்பா காலியாகி, பக்கத்துல நாய் வாலாட்டிட்டு நிக்கிற அந்த ஒரு நாளுக்கு மட்டும் பட்ஜெட்ல ஒரு வரி கூட இருக்காது.

இன்னைக்கு அந்த ஒரு வரியைத்தான் எழுதப் போறோம். நாம ஆசையா சாப்பிடுற, ஆசையா ஊட்டிவிடுற இனிப்புகள்ல எது நாய்க்கு விஷம், எவ்வளவு சாப்பிட்டா ஆபத்து, அந்த நேரத்துல என்ன செய்யணும், அதுக்குப் பணத்தை எங்க வைக்கணும். நாலையும் வரிசையா பார்ப்போம். கணக்கு கொஞ்சம் வரும், ஆனா இஎம்ஐ போடத் தெரிஞ்ச யாருக்கும் இது கஷ்டமில்ல.

முதல்ல ஒரு அடிப்படை: அளவு வகுத்தல் எடை

20,000 ரூபாய் இஎம்ஐ அதிகமா குறைவான்னு கேட்டா, "சம்பளம் எவ்வளவு?"ன்னுதான் முதல்ல கேட்போம். 30,000 சம்பளத்துக்கு அது தூக்குக் கயிறு. 2 லட்சம் சம்பளத்துக்கு சாதாரணம்.

நாயோட உடம்புக்கும் அதே கணக்குதான். எவ்வளவு சாப்பிட்டுச்சுங்கிறதை அதோட எடையால வகுக்கணும். 30 கிலோ லாப்ரடார் தாங்குற ஒரு துண்டு, 3 கிலோ பொமரேனியன் குட்டியை ஐசியூ வரைக்கும் கொண்டு போகலாம். அதனால உங்க நாயோட இப்போதைய எடை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலையா? நாயைத் தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சுப் பாருங்க. அந்த எண்ணை ஃபோன்ல எழுதி வைங்க.

1. சாக்லேட்: எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா பாதிதான் தெரிஞ்சது

கோகோவுல தியோப்ரோமின்னு ஒரு பொருள் இருக்கு, கூடவே கொஞ்சம் கஃபீனும் இருக்கு. நம்ம உடம்பு இதைச் சீக்கிரம் வெளியேத்திடும். நாயோட உடம்புல இருக்கிற தியோப்ரோமின் பாதியா குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அது இதயத்தையும் நரம்பையும் தூண்டிக்கிட்டே இருக்கும்.

எல்லா சாக்லேட்டும் ஒண்ணு இல்ல. ஒரு கிராமுக்கு இந்தத் தூண்டும் பொருள் தோராயமா எவ்வளவு இருக்குன்னு பாருங்க:

- வெள்ளை சாக்லேட்: கிட்டத்தட்ட இல்லை (ஆனா கொழுப்பும் சர்க்கரையும் உண்டு)
- மில்க் சாக்லேட்: 2.3 மில்லிகிராம்
- டார்க் சாக்லேட்: 5.5 மில்லிகிராம் (கோகோ சதவீதம் கூடக் கூட இதுவும் கூடும்)
- இனிப்பு சேர்க்காத பேக்கிங் சாக்லேட்: 16 மில்லிகிராம்
- கோகோ பவுடர்: 28 மில்லிகிராம்

இப்போ எல்லைக்கோடுகள். நாயோட எடையில ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனா வாந்தி, பேதி, ஒரு இடத்துல நிக்காத படபடப்பு. 40 முதல் 50 போனா இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60 தாண்டினா வலிப்பு வரலாம்.

உதாரணத்துக்கு 8 கிலோ பக் ஒண்ணை எடுத்துக்குவோம்.

- 40 கிராம் மில்க் சாக்லேட்: 40 × 2.3 = 92. அதை 8-ஆல வகுத்தா 11.5. எல்லைக்குக் கீழ. வயிறு கெடலாம், கண்காணிக்கணும்.
- அதே 40 கிராம் டார்க் சாக்லேட்: 40 × 5.5 = 220. வகுத்தா 27.5. உடனே டாக்டருக்கு ஃபோன்.
- கேக் பண்ண வச்சிருந்த கோகோ பவுடர் வெறும் 12 கிராம்: 12 × 28 = 336. வகுத்தா 42. நேரா மருத்துவமனை.

பார்த்தீங்களா? அளவுல சின்னதா தெரியுற கோகோ பவுடர்தான் இதுல பெரிய ஆபத்து. இவை எல்லாமே சராசரி எண்கள். பிராண்டுக்குப் பிராண்டு மாறும். குட்டி, வயசான நாய், இதயப் பிரச்சினை இருக்கிற நாய்னா எல்லைக்குக் கீழ இருந்தாலும் ஃபோன் பண்ணிடுங்க.

காபித்தூளும் இந்தக் குடும்பம்தான். ஃபில்டர்ல இருந்து கொட்டுற ஈரமான காபித்தூளை நாய்க்கு எட்டுற குப்பைத் தொட்டியில போடாதீங்க.

2. சைலிடால்: உங்க லேப்டாப் பேக்ல இருக்கலாம்

சாக்லேட் பத்தி நாய் வளர்க்கிறவங்க பாதிப் பேருக்காவது தெரியும். இது பல பேருக்குத் தெரியாது, ஆனா சாக்லேட்டை விட வேகமானது.

சைலிடால்ங்கிறது சர்க்கரைக்குப் பதிலா சேர்க்கிற ஒரு இனிப்பு. 'சுகர் ஃப்ரீ' சூயிங்கம், மின்ட், சில டூத்பேஸ்ட், வெளிநாட்டுல விக்கிற சில பீனட் பட்டர், புரோட்டீன் பார் இதுல எல்லாம் இருக்கலாம். நமக்கு இது பெரிய பிரச்சினை இல்ல. ஆனா நாயோட கணையம் இதைச் சர்க்கரைன்னே நினைச்சு இன்சுலினைக் கொட்டும். அரை மணி நேரத்துலயே ரத்தச் சர்க்கரை சரிஞ்சு, நாய் தள்ளாடி விழலாம், வலிப்பு வரலாம். சில நேரம் அறிகுறி தெரிய 12 மணி நேரம் கூட ஆகும்.

கணக்கு: கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே சர்க்கரை சரியலாம். 0.5 கிராம் போனா கல்லீரல் பாதிப்பு வரைக்கும் போகலாம். நம்ம 8 கிலோ பக்குக்கு 0.8 கிராம் போதும். பிராண்டைப் பொறுத்து ரெண்டு மூணு சூயிங்கம்லயே அந்த அளவு வந்துடலாம், சிலதுல ஒண்ணே போதும்.

லேபிள் படிக்கிற பழக்கம் இங்க உயிரைக் காப்பாத்தும். பொருட்கள் பட்டியல்ல சைலிடால்னு பேர் போட்டிருக்கலாம், சில நேரம் பேர் இல்லாம 'ஸ்வீட்னர் 967'னு எண் மட்டும் கூட போட்டிருக்கலாம். மியூச்சுவல் ஃபண்ட்ல எக்ஸ்பென்ஸ் ரேஷியோ தேடுற மாதிரி 967-ஐத் தேடுங்க.

ஆஃபீஸ் முடிஞ்சு வந்து பேக்கைத் தரையில போடுறோம். முன் ஜிப்ல பாதி பாக்கெட் சூயிங்கம். நாய்க்கு முதல்ல மூக்கு போறது அங்கதான். பேக்குக்குச் சுவத்துல ஒரு ஆணி அடிங்க. இந்தப் பதிவுல இதை விட மலிவான இன்சூரன்ஸ் வேற எதுவும் இல்ல.

3. திராட்சை, உலர்திராட்சை, நம்ம புளி

பாயசத்துல, கேசரியில, லட்டுல, பிளம் கேக்ல, தீபாவளிக்கு கம்பெனி குடுக்கிற டிரை ஃப்ரூட் டப்பாவுல எல்லாத்துலயும் உலர்திராட்சை இருக்கு. திராட்சை சில நாய்களோட சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும்.

ஏன்னு ரொம்ப வருஷமா யாருக்கும் புரியல. அமெரிக்காவுல ஏஎஸ்பிசிஏ அமைப்போட விலங்கு விஷ ஆலோசனை மையத்தைச் சேர்ந்த நிபுணர்கள் 2021-ல ஒரு விளக்கம் சொன்னாங்க: திராட்சையில இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கணும்னு. பேக்கிங்குக்கு உபயோகிக்கிற கிரீம் ஆஃப் டார்டார் சாப்பிட்ட நாய்க்கும், புளி சாப்பிட்ட நாய்க்கும் அதே மாதிரி சிறுநீரக பாதிப்பு வந்ததைப் பார்த்துதான் இந்த முடிவுக்கு வந்தாங்க. அப்போ புளி மிட்டாய், புளியோதரை, சாம்பார் சாதம்? இதெல்லாம் நாய்க்கு வேண்டாம்னு வச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. சாக்லேட் மாதிரி இதுக்கு நம்பகமான எல்லைக்கோடு கிடையாது. பழத்துக்குப் பழம் அமிலத்தோட அளவு மாறும். ஒரு நாய் கைப்பிடி சாப்பிட்டும் தப்பிச்சுடும், இன்னொண்ணு கொஞ்சமா சாப்பிட்டே படுத்துடும். கூடவே, சிறுநீரக பாதிப்பு வெளியில தெரிய ஒண்ணுல இருந்து மூணு நாள் ஆகலாம். அதனால எவ்வளவு சாப்பிட்டுச்சுன்னு எண்ணிட்டு உட்காராம டாக்டரைக் கூப்பிடுங்க.

4. மக்கடாமியா கொட்டை

ஆன்சைட் போய்ட்டு வர்ற நண்பர் கொண்டு வர்ற சாக்லேட் டப்பாவுல இது இருக்கும். சாப்பிட்ட நாய்க்குப் பின்னங்கால் பலம் குறையும், நடுக்கம், வாந்தி வரும். பெரும்பாலும் ரெண்டு நாள்ல சரியாகிடும். ஆனா அது மேல சாக்லேட் பூசியிருந்தா முதல் கணக்கும் சேர்ந்துடும். முந்திரி விஷம் இல்ல, ஆனா கொழுப்பு அதிகம்.

5. நம்ம ஊர் ஸ்வீட்: விஷம் இல்ல, ஆனா சும்மாவும் இல்ல

மைசூர்பாகு, குலாப் ஜாமூன், அல்வா, பால்கோவா. "இதுல சாக்லேட்டும் இல்ல, திராட்சையும் இல்ல, குடுக்கலாமா?"ன்னு கேட்பீங்க. ரெண்டு பிரச்சினை இருக்கு.

ஒண்ணு, நெய். பழக்கமில்லாத நாய்க்கு ஒரே நேரத்துல நிறைய கொழுப்பு போனா கணைய அழற்சி வரலாம். விடாத வாந்தி, வயித்து வலி, சாப்பாட்டைத் தொடாது. பண்டிகைக்கு மறுநாள் கிளினிக்குக்கு வர்ற வழக்கமான கேஸ்கள்ல இதுவும் ஒண்ணு.

ரெண்டாவது, கலோரி பட்ஜெட். 8 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி தேவை. தீனி, ட்ரீட் எல்லாம் அதுல 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கிறது கால்நடை மருத்துவர்கள் சொல்ற பொது விதி. அப்படின்னா 50 கலோரி. ஒரு குலாப் ஜாமூன் சுமார் 150. நீங்க பாசமா நீட்டுற ஒண்ணு, மூணு நாள் ட்ரீட் பட்ஜெட். தினமும் இப்படி ஓவர்டிராஃப்ட் போனா எடை கூடும், மூட்டு வலி வரும், பல் கெடும். அதுக்கெல்லாம் பில் பின்னாடி வரும்.

தெரு நாய்க்கு தினமும் பிஸ்கட் போடுற நல்ல மனசுக்காரங்களுக்கும் இது பொருந்தும். சாதா பிஸ்கட் விஷம் கிடையாது, ஆனா அது சாப்பாடும் கிடையாது, வெறும் மாவும் சர்க்கரையும்தான். சாக்லேட் கிரீம் பிஸ்கட்டைத் தவிர்த்துடுங்க. அதே பணத்துக்கு ஒரு முட்டையை வேகவச்சுக் குடுத்தா புரதமாவது போகும்.

ஸ்வீட்டைச் சுத்தியிருக்கிற ஃபாயில், பிளாஸ்டிக், லாலிபாப் குச்சி இதையும் மறந்துடாதீங்க. நாய் பிரிச்சுச் சாப்பிடாது, அப்படியே முழுங்கிடும். குடல்ல அடைச்சா ஆபரேஷன்தான்.

மூணு தப்பான நம்பிக்கைகள்

*"ஸ்வீட் குடுத்தா வயித்துல பூச்சி வரும்."* பூச்சி வர்றது அதோட முட்டையும் லார்வாவும் உள்ள போறதால. சர்க்கரையால இல்ல. இந்த நம்பிக்கையால ஒரு கெடுதல் இருக்கு: பூச்சி மருந்து குடுத்துட்டா போதும், ஸ்வீட் குடுக்கலாம்னு நினைச்சுடுறோம்.

*"போன தடவை சாப்பிட்டுச்சு, ஒண்ணும் ஆகல."* கடந்த கால வருமானம் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் இல்லைன்னு ஃபண்ட் விளம்பரத்துல வேகமா சொல்வாங்களே, அதேதான். போன தடவை மில்க் சாக்லேட்டா இருந்திருக்கும், அளவு குறைவா இருந்திருக்கும்.

*"உப்புத் தண்ணி குடுத்தா வாந்தி எடுத்துடும்."* தயவுசெஞ்சு வேண்டாம். அதிக உப்பு நாயோட ரத்தத்துல சோடியத்தை ஏத்தி மூளையைப் பாதிக்கும். மோர், பால், விளக்கெண்ணெய் எதுவும் விஷத்தை முறிக்காது, நேரத்தைத்தான் வீணாக்கும்.

சாப்பிட்டுடுச்சு. இப்போ என்ன செய்யணும்?

1. மீதி இருக்கிறதைப் பிடுங்கி எடுங்க. கவரை எறியாதீங்க, அதுதான் டாக்டருக்கு ஆதாரம்.
2. மூணு விஷயம் குறிச்சுக்குங்க: என்ன சாப்பிட்டுச்சு, அதிகபட்சம் எவ்வளவு இருக்கும், எப்போ.
3. எடையைச் சொல்லி டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. மேல போட்ட கணக்கு, அவசரம் எவ்வளவுன்னு நீங்க புரிஞ்சுக்கத்தான். முடிவு அவர் எடுக்கட்டும்.
4. நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க. மயங்கிக் கிடக்கிற நாய்க்கு வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும்.
5. காலையில பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க.

கடைசிப் பாயிண்டைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா பணக் கணக்கே இங்கதான் இருக்கு. பொதுவா சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா, டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வச்சு, பெரும்பகுதியை வெளிய கொண்டு வந்துடலாம். அன்னைக்கே வீட்டுக்குத் திரும்பவும் வாய்ப்பு உண்டு. அந்த நேரம் தாண்டிட்டா விஷம் ரத்தத்துல. அப்புறம் டிரிப்ஸ், தொடர் ரத்தப் பரிசோதனை, அட்மிஷன். சாக்லேட் அறிகுறி தெரியவே 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். அதனால ஒரு மணி நேரம் கழிச்சும் நாய் ஜாலியா விளையாடுதுன்னா, அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்ல. செலவு குறைவா இருக்கிற நேரமும், நாய் பிழைக்க வாய்ப்பு அதிகமா இருக்கிற நேரமும் ஒண்ணுதான்: முதல் ரெண்டு மணி நேரம்.

அந்த ராத்திரிக்கு எவ்வளவு பணம் வேணும்?

ஊருக்கு ஊர் ரேட் மாறும், அதனால நான் ஒரு தொகை சொல்லப் போறதில்ல. உங்க பக்கத்துல இருக்கிற கிளினிக்ல மூணு கேள்வி கேளுங்க: ராத்திரி கன்சல்டேஷன் எவ்வளவு? சிறுநீரகம், கல்லீரல் பார்க்கிற ரத்தப் பரிசோதனை எவ்வளவு? ஒரு நாள் டிரிப்ஸோட அட்மிஷன் எவ்வளவு?

உங்க டார்கெட்: ஒரு ராத்திரி கன்சல்டேஷன் + 3 ரத்தப் பரிசோதனை + 3 நாள் அட்மிஷன். ஏன் மூணு? திராட்சை சாப்பிட்ட நாயை வழக்கமா ரெண்டு நாள் டிரிப்ஸ்ல வச்சு, மூணாவது நாள் வரைக்கும் சிறுநீரகத்தைக் கண்காணிப்பாங்க. அதுக்குப் போதுமான பணம் இருந்தா மத்ததெல்லாம் பெரும்பாலும் அதுக்குள்ள அடங்கிடும்.

அந்த டார்கெட் 24,000-னு வந்தா, மாசம் 1,000 வீதம் ரெண்டு வருஷம், 2,000 வீதம் ஒரு வருஷம். சம்பளம் வந்த மறுநாளே தனி சேவிங்ஸ் கணக்குக்கு ஆட்டோ டெபிட் போட்டுடுங்க.

எங்க வைக்கக் கூடாது? பிபிஎஃப்-ல, மூணு வருஷ லாக்-இன் இருக்கிற இஎல்எஸ்எஸ்-ல. ராத்திரி 11 மணிக்கு அந்தப் பணம் வராது. சேவிங்ஸ் கணக்கு, ஸ்வீப்-இன் எஃப்டி சரி. உடனடியா எடுக்கிற வசதி உள்ள லிக்விட் ஃபண்டும் சரி, ஆனா அந்த வசதியில ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் அல்லது உங்க முதலீட்டுல 90 சதவீதம், எது குறைவோ அதுதான் வரும். கிரெடிட் கார்டு அந்த ராத்திரிக்கு உதவும், ஆனா முழுசா கட்டாம மினிமம் டியூ மட்டும் கட்டினா மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும்.

இன்சூரன்ஸ் எடுக்கலாமா? கம்பெனி குடுக்கிற குரூப் பாலிசியில நாய் வராது. 80டி-யிலயும் நாய் செலவைக் காட்ட முடியாது. நாய்க்குன்னு தனிப் பாலிசி சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள்ல இருக்கு. கையெழுத்துப் போடும் முன்னாடி நாலு விஷயம் பாருங்க: விஷம் சாப்பிட்டதுக்கு கவர் உண்டா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, வயசு வரம்பு என்ன, தடுப்பூசி ரெக்கார்டு கேட்பாங்களா. முதல் கேள்விக்கு பாலிசி டாக்குமெண்ட்ல தெளிவான பதில் இல்லைன்னா, அந்தப் பிரீமியத்தை மேல சொன்ன கணக்குலயே போடுங்க.

கையில காசு குறைவா இருந்தாலும் வழி இருக்கு. 1903-ல தொடங்கின சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோட மருத்துவமனை வேப்பேரியில இருக்கு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலயும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. கட்டணம் பொதுவா தனியாரை விடக் குறைவு. ராத்திரி சேவை உண்டான்னு இன்னைக்கே கேட்டு, நம்பரை ஃபோன்ல சேவ் பண்ணிடுங்க.

அப்போ என்னதான் குடுக்கிறது?

கேரட், வெள்ளரி, விதை எடுத்த ஆப்பிள், விதை எடுத்த தர்பூசணி, வேகவச்ச பூசணி, சின்னத் துண்டு வாழைப்பழம், உப்பு மசாலா இல்லாம வேகவச்ச சிக்கன். நாய்க்கு நீங்க குடுக்கிறதுதான் சந்தோஷம், அது மைசூர்பாகா கேரட்டாங்கிறது ரெண்டாம்பட்சம். பண்டிகை நாள்ல வர்ற விருந்தாளிகளுக்கும், வீட்ல இருக்கிற தாத்தா பாட்டிக்கும் ஒரு கிண்ணத்துல கேரட் துண்டு போட்டு, "இதைக் குடுங்க"ன்னு சொல்லிடுங்க. குடுக்காதீங்கன்னு சொன்னா அவங்க மறைச்சுக் குடுப்பாங்க.

இந்த வீக்எண்ட்ல செய்ய வேண்டிய அஞ்சு வேலை

- நாயோட எடையைப் பார்த்துக் குறிச்சு வைங்க
- சூயிங்கம், மின்ட், டூத்பேஸ்ட் லேபிள்ல சைலிடால், 967 இருக்கான்னு பாருங்க
- பேக்குக்கு ஆணி, ஸ்வீட் டப்பாவுக்கு மேல் ஷெல்ஃப், குப்பைத் தொட்டிக்கு மூடி
- ராத்திரி திறந்திருக்கிற ரெண்டு மருத்துவமனையோட நம்பரை சேவ் பண்ணுங்க
- நாய்க்குன்னு தனிக் கணக்குல முதல் 1,000 ரூபாயைப் போடுங்க

அஞ்சும் முடிக்க ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. நாய் வளர்க்கிற ஒரு நண்பர் இருந்தா, தீபாவளி ஹேம்பர் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி இதை அவருக்கு அனுப்பிடுங்க. அடுத்த பதிவுல, அப்பா அம்மாவுக்குத் தனியா ஹெல்த் பாலிசி எடுக்கும்போது எதைப் பார்க்கணும்னு பேசலாம்.